தொட்டியில் தங்காத மீதி

"அஞ்சுல ஒரு பங்குதான் ஆவியாகுமாம். மீதி சமத்தா தொட்டியில உக்காந்திருக்குமாம். இதை எழுதினவர் அமோனியாவைக் கண்ணால பார்த்திருக்காரா, பிரபோத்பாய்?"

தர்ஷனா தொழிற்சாலை தயாரித்த அறிக்கையை மேசைமேல் எறிந்தாள். மாவட்டப் பாதுகாப்புக் குழுவின் பொறியாளர் அவள். நர்மதைக் கரையில் இருந்த அந்த உரத் தொழிற்சாலையில், அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கிய அமோனியா ஒரு பெரிய டேங்க் நிறைய இருந்தது. அது உடைந்தால் ஆபத்து எதுவரை என்று அறிக்கையில் ஒரு வட்டம். வட்டம் மிக மரியாதையாக மதிலோடு நின்றிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் முந்நூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம்.

மேலாளர் பிரபோத்பாய் சாசரில் டீயை ஊற்றி உறிஞ்சினார். "கணக்கு சரிதானே பென். மீதி திரவம் டேங்கைச் சுத்திக் கட்டின தொட்டியில விழுந்துடும்." சகோதரி என்ற பொருளில் அவளை அவர் 'பென்' என்றுதான் அழைப்பார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசையிலிருந்த சோடா பாட்டிலை எடுத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கித் திறந்தாள். அறிக்கை, அவர் சட்டை, ஃபாஃப்டா பலகாரத் தட்டு எல்லாம் நனைந்தன.

"வாயு மட்டுமா வந்துச்சு? தண்ணியையும் இழுத்துக்கிட்டுத்தானே வந்துச்சு. அதுவும் அப்படித்தான். உங்க மீதி பொடித்துளியாப் பறந்து ஆவியோட சேர்ந்துக்கும். அந்தப் பிள்ளைங்க மூச்சுல போகும்."

"பள்ளிக்கூடம் வட்டத்துக்குள்ள வந்தா எங்க கதி என்ன பென்? நான் எழுத மாட்டேன். வேணும்னா நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"போடாம? மனசாட்சியை அடகு வெச்சவங்களைக் கேட்டுட்டா போடணும்?"

நின்றபடியே புதுக் கணக்கை எழுதினாள். வட்டம் மதிலைத் தாண்டி, பள்ளியையும் தாண்டிப் போனது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். "இனி இந்த டேங்க் இங்க இருக்காது. நாளைக்குக் குழுவுல பார்த்துக்கறேன்."

மறுநாள் குழு பத்து நிமிடத்தில் முடிவெடுத்தது. ஆபத்து வட்டத்துக்குள் பள்ளி இயங்கக் கூடாது. ஏழு கிலோமீட்டர் தள்ளி மாற்ற வேண்டும். காலி இடத்தைத் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளலாம்.

"டேங்கை மாத்தச் சொன்னா பள்ளிக்கூடத்தை மாத்துறீங்களே" என்று தர்ஷனா கத்தினாள். குழு அடுத்த கோப்பைப் பிரித்தது.

கூட்டத்துக்கு வந்திருந்த பிரபோத்பாய் வெளியே அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "நாங்க எழுதியிருந்தா ஊரே திரண்டு வந்திருக்கும் பென். பிள்ளைங்களுக்காகச் சண்டை போட்டவங்க கையெழுத்தை எவன் கேள்வி கேப்பான்?"

அவர் விரித்த வரைபடத்தில், பள்ளி இருந்த இடத்தில் இரண்டாவது அமோனியா டேங்க் இருந்தது. ஓரத்தில் போட்டிருந்த தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது.