பத்து கிகாஹெர்ட்ஸ்

“உங்க சர்க்யூட் போர்டை பத்து கிகாஹெர்ட்ஸ்ல, என் கண் முன்னாடி அளந்து காட்டுங்க.”

இதை மட்டும் கேட்காதே என்று வரவேற்பறையில் சொல்லித்தான் என்னை உள்ளே அனுப்பியிருந்தார்கள்.

தொழிற்சாலை மேனேஜர் சிரித்தார். “வீட்டுல நீதான் முதல் பட்டதாரியா? அதான் இந்தத் துள்ளல்!”

“ஆமா. அளங்க.”

ஒரு கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சமர்த்தாக ஓடிய போர்டு, பத்தில் பாதி சிக்னலை விழுங்கிவிட்டது.

“மட்டமான மெட்டீரியல் சார்.”

“வாங்குறவனுக்கே அது தெரியாதும்மா. வாயைக் குறைச்சுக்கோ, வேலை தர்றேன்.”

“எனக்கு வேலை இருக்கு சார். வாங்குற கம்பெனியில உங்க போர்டுக்கு ஓகே சொல்றதுதான் என் வேலை. யாருன்னுகூட கேட்காம, இன்டர்வியூ வரிசையில உட்கார வெச்சது நீங்க.”

அளந்து முடித்ததுமே ‘நிராகரிப்பு’ என்று எழுதிவிட்ட தாளை மேஜையில் வைத்துவிட்டு நடந்தேன்.

“மேடம், ஒரு காபி குடிச்சுட்டு...”

நான் நிற்கவில்லை.