பதினாறு போதும்

"பதினாறே போதும்" என்றார் மாமியார்.

கரண்டுப் பெட்டியைத் திறந்துவைத்து ஸ்டூல் மேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார். கையில் இருபத்தைந்து ஆம்ப்ஸ் பிரேக்கர், வாயில் ஸ்குரூ டிரைவர். அதை எடுத்துவிட்டுத்தான் பேச முடிந்தது.

"அம்மா, பழையதும் இருபத்தஞ்சுதான். தேஞ்சுபோய் நிக்காம விழுது. அதே அளவுல புதுசு போட்டா முடிஞ்சுது. உள்ள ஓடுறது நல்ல தடி ஒயர், இருபத்தஞ்சைத் தாராளமா தாங்கும்."

"பதினாறு போட்டா ஆபத்து ஏதும் உண்டா?"

"அதெல்லாம் கிடையாது. சின்ன ஒயருக்குப் பெரிய பிரேக்கர் போட்டாத்தான் வீடே பத்திக்கும். பெரிய ஒயருக்குச் சின்னது போட்டா அடிக்கடி விழும், அவ்வளவுதான்."

"அப்போ பதினாறே போடுங்க தம்பி."

சமையலறை வாசலில் நின்ற மருமகளுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"அத்தை, காலைல ஹீட்டர், துணி மெஷின், இஸ்திரிப் பெட்டி மூணும் ஒண்ணா ஓடினாத்தான் நான் பஸ்ஸைப் பிடிக்க முடியும். இனி ஒரு நாள் லேட்டா வந்தா, வராமலே இருந்துடுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

மாமியார் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"பதினாறுல மூணும் ஓடாதா தம்பி?"

"ரெண்டு ஓடும்மா. மூணாவதைப் போட்டீங்கன்னா டப்புனு விழுந்துடும்."

"ரெண்டு ஓடுதுல்ல? போதும்."

சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த மகன், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே தீர்ப்பு சொன்னான்.

"அம்மா சொல்றபடியே போட்டுடுங்கண்ணே. வீட்டு விஷயம் அவங்களுக்குத்தான் தெரியும்."

மருமகள் விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

எலக்ட்ரீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டூல் மேல் ஏறி நிற்பவர்களுக்கு எல்லா வீட்டு வண்டவாளமும் தெரியும்தான். ஆனால் இது கொஞ்சம் அதிகம். வேலைக்குப் போய்ச் சம்பாதித்துப் போடுகிற பெண்ணுக்கு, ஒரு பிரேக்கர் விஷயத்தில்கூடப் பேச உரிமை இல்லையா? மகன் அதற்கு மேல். அம்மா கிழித்த கோட்டையும் தாண்ட மாட்டான், அந்தச் சோபாவையும் தாண்ட மாட்டான் போலிருக்கிறது.

என்ன செய்வது? கூப்பிட்டவர் சொன்னதைத்தானே மாட்ட வேண்டும். பதினாறை முறுக்கிப் பூட்டிவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னார்.

"காலைல துணி மெஷின் கூடவே கூடாது. அதைச் சாயங்காலம் போட்டுக்கங்க."

மாமியார் வாசல்வரை வழியனுப்ப வந்தார். செருப்பை மாட்டும்போது எலக்ட்ரீஷியனால் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. உங்க சொந்தப் பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா? அவங்க வேலையே போயிடும் போலிருக்கே."

"உஷ்!" மாமியார் உதட்டில் விரல் வைத்தார். "உள்ள என்ன பேசிக்கிறாங்க, கேளுங்க."

உள்ளே மருமகளின் குரல் உச்சத்தில் இருந்தது.

"சாயங்காலம் நான் வர்றதுக்கே இருட்டிடும். அதுக்கப்புறம் எப்போ துவைக்கிறது, எப்போ காயப்போடுறது? நாளையிலேருந்து உங்களுக்குச் சட்டை கிடையாது, பார்த்துக்குங்க."

பிறகு சோபா கிறீச்சிட்டது.

"சரி சரி, கத்தாதே. நான்தான் உனக்கு முன்னாடியே வந்துடறேனே. துணியை நானே போட்டுடறேன். தேய்க்கிறதையும் அப்படியே முடிச்சுடறேன், போதுமா? ஆமா... அந்த மெஷின்ல எந்தப் பட்டனை அமுக்கணும்?"

மாமியாரின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பார்த்தீங்களா தம்பி? இருபத்தஞ்சு இருந்த வரைக்கும் மூணும் ஒண்ணா ஓடுச்சு. நடுவுல அவளும் ஓடிக்கிட்டே இருந்தா. சமையலை நான் பார்த்துக்கறேன், மத்ததுக்கு நீ கொஞ்சம் கைகொடுடான்னு இவன்கிட்ட தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிட்டேன். அவளும் அழுது பார்த்துட்டா. செவிடன் காதுல ஊதின சங்குதான். நான் சொன்னா நச்சரிப்பு, அவ சொன்னா சண்டை. அந்தக் கரண்டுப் பெட்டி சொன்னா யாரு எதிர்த்துப் பேச முடியும், சொல்லுங்க?"

எலக்ட்ரீஷியனுக்கு, இவரையா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"ஆனா, அவங்க உங்களைக் கொடுமைக்காரின்னு இல்ல நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும். பஸ்ஸைப் பிடிச்சா சரி."

சொல்லிவிட்டுக் கதவில் கை வைத்த மாமியார், போகிற போக்கில் கேட்டார்.

"அது சரி, உங்க வீட்டுல என்ன போட்டிருக்கீங்க?"

எலக்ட்ரீஷியன் நெஞ்சை நிமிர்த்தினார். தொழில் தெரிந்தவன் வீடாயிற்றே!

"முப்பத்திரண்டும்மா! தடி ஒயரா நானே இழுத்து, நானே மாட்டினது. என் சம்சாரம் எத்தனை மெஷினை ஒண்ணாப் போட்டு வேலை பார்த்தாலும் அசையாது."

"ஐயோ பாவம், அந்தப் பொண்ணு" என்றார் மாமியார்.