சேருமிடம்

“இல்ல சார், காலையில நீங்க காறித் துப்புறது எங்க ரூம்லதான் ரெட்டிப்பா கேக்குது” என்றாள் மலர்க்கொடி.

தன் மாடி வீட்டு வாசலில் நின்ற குடியிருப்புச் சங்கச் செயலாளர் கருணாகரன் சிரித்தார். “ஒலி அலைன்னா அப்படித்தாம்மா. இங்க ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும், வேற எங்கயாவது சேரும்.”

மாடி வீடுகளில் ஒலியழிப்பான் இயந்திரம் பொருத்தியதிலிருந்து, நாற்பது குடும்பங்களின் ஏப்பமும் குறட்டையும் மூக்குச் சிந்தலும் சேர்ந்த இடம், கீழேயிருந்த காவலாளியின் அறை. காவலாளியின் மனைவி மலர்க்கொடிக்கு அங்கே ஒரு வாய்ச் சோறும் குமட்டாமல் இறங்கியதில்லை.

அவள் இடுப்பிலிருந்த பதினோரு மாதப் பெண் குழந்தை செயலாளரைப் பார்த்தது. இன்னும் அம்மா என்று சொல்லாத வாய். அது தொண்டையின் அடியிலிருந்து, அச்சு அசலாக அவரைப் போலவே காறியது.

அவர் முகம் சுளித்துப் பின்வாங்கினார்.

“இதுதான் சார் இவ மொத மொதல்ல பேசினது. அம்மான்னு சொல்ற வரைக்குமாவது அந்த மெஷினை நிறுத்தி வைங்க சார்.”