தம்பி இன்னும் வீட்டில்தான் இருக்கிறான்

வாசற்படியில் கால் வைத்த தம்பி மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

கையில் பெட்டி. வெளியே டாக்சி. டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு, மேடிட்ட வயிற்றோடு அவள் மகள்.

"உங்கப்பா வந்திருக்கார்டி" என்றாள் மகளிடம்.

நான் கூடத்தில், தோளில் துண்டோடு நின்றிருந்தேன். எலுமிச்சை, அதற்குள் லேசாக ஒரு மருந்து நெடி. தம்பி இருந்தவரை, காலையில் அவன் குளியலறைக் கதவைத் திறந்ததும் வீடு முழுக்கப் பரவுகிற வாசனை.

மகள் இடுப்பைப் பிடித்தபடி திரும்பி வந்தாள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது நேரத்துக்கு வீடு வந்திருக்காரா? நாம கிளம்பற நேரம் பார்த்து கரெக்டா வந்துட்டாராக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாசல் வரை வந்ததும் அவளுக்கும் அது எட்டியது. சிரிப்பு நின்றுவிட்டது.

தம்பி போன பிறகு இது புதிதல்ல. எப்போதாவது ஒரு காலையில் வாசனை வரும். அன்று ஏதாவது நல்லது நடக்கும். அல்லது நடந்ததை நல்லது என்று சொல்லிக்கொள்வோம். மகள் உண்டாகியிருக்கும் செய்தி அப்படி ஒரு நாளில்தான் வந்தது. மொட்டைமாடித் தொட்டியின் ஒழுகல் நின்றதையும் தம்பி கணக்கிலேயே சேர்த்தார்கள். என் தங்கை தொலைபேசியில், பால்காரரை விசாரிப்பது போல, "சின்னண்ணன் இன்னிக்கு வந்தாரா?" என்பாள்.

இதற்கெல்லாம் முத்திரை குத்தியவன் நான்.

"நம்ம வம்சத்துல போனவங்க சட்டுனு வீட்டை விட்டுப் போக மாட்டாங்க. தாத்தா போனப்புறமும் அவர் இருமல் சத்தம் இந்தக் கூடத்துல கேட்டுட்டுதான் இருந்துச்சு" என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மூத்தவன் வாக்கு. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

அப்படி ஓர் இருமலை நான் கேட்டதே இல்லை.

"பெரியப்பா, நீங்களாவது அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள் மகள். "பிரசவத்துக்கு அங்கதான் ஆஸ்பத்திரில பதிஞ்சிருக்கு. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். திடீர்னு வலி வந்தா அங்க நான் தனியா என்ன பண்ணுவேன்?"

போய் வா என்று ஒரு வார்த்தை போதும். என் சொல்லைத் தாண்டி இந்த வீட்டில் யாரும் நடந்ததில்லை.

தம்பி கண்ணை மூடியதும் அவன் பெண்டாட்டியை அண்ணன் அனுப்பிவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். இந்த வீட்டு மருமகள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெட்டியோடு போய் இறங்குவதா? இதையெல்லாம் பல நாளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் பேசினால் கேட்க ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முகத்தைச் சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"உங்கப்பன் மனசு என்னன்னுதான் தெரிஞ்சுபோச்சே. அதுப்படி நடங்க."

தம்பி மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள்.

மகள் என்னிடம் இல்லாமல், கூடத்தின் காற்றைப் பார்த்து, "சரிப்பா. நீங்களே அம்மாவைப் பார்த்துக்குங்க" என்றாள்.

டாக்சி அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. சத்தம் தெருமுனையில் தேயும் வரை நான் அசையவில்லை.

தம்பி மனைவி பெட்டியை உள்ளே இழுத்து வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் முகம் பார்த்துப் பேசியதில்லை. எதுவானாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொல்வாள். இன்று நேராக எதிரில் வந்து நின்றாள்.

"காதுக்குக் கீழ ஷேவிங் கிரீம் ஒட்டியிருக்கு அத்தான். துடைச்சுக்குங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கை தானாகக் காதுக்குப் போனது. நுரை இன்னும் காயவில்லை.

முதல் தடவை தம்பியின் டியூபை நான் எடுத்தது, என்னுடையது தீர்ந்துபோனதால்தான்.

இன்று அலமாரியில் என்னுடையது புதிதாக, பிரிக்காமல் இருந்தது. கிளம்புவதற்கு முன் எனக்காக அவள்தான் வாங்கி வைத்திருந்தாள்.