வந்தார், வந்தான்

விசாரணைக் கமிஷன் வெளியிட்ட மந்திரியின் வாக்குமூலத்தை எங்கள் வக்கீல் பொற்கொடி மேஜைமேல் பரப்பி வைத்திருந்தார். ஆட்களின் பெயர்களையெல்லாம் கறுப்பு மையால் அடித்துவிட்டு, வினைச்சொற்களை அப்படியே விட்டிருந்தார்கள்.

நானும் போஸும் மந்திரியின் உதவியாளர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"இந்தக் கறுப்புக்குள்ள இருக்கறது நீங்க ரெண்டு பேர்தான்," என்றார் வக்கீல். "ஒருத்தர் 'வந்தார், ஃபைலை எரித்தார்'. இன்னொருத்தர் 'வந்தான், டீ கொடுத்தான்'. எரிச்சவருக்குத்தான் ஜெயில். யார் யாருன்னு சொல்லுங்க."

எனக்கு வயிறு எரிந்தது. ஐயா என்னை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார். போஸையும் என் எதிரில் அப்படித்தான் கூப்பிடுவார். நான் டீ வாங்கப் போன நேரத்தில் ஃபைலை எரித்த அவனுக்கு மட்டும் ஒரு 'ஆர்' போட்டிருக்கிறார். கமிஷன் முன்னால், ஊரே படிக்கும்படி போட்டிருக்கிறார்.

போஸ் முந்திக்கொண்டான். "டீ கொடுத்தது நான்தான் மேடம்," என்றான். அவன் வீட்டில்கூடத் தனக்கு டீ ஊற்றிக்கொள்ளாதவன்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த 'வந்தார்' நீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கறுப்புப் பட்டையை அடுத்த 'வந்தார்' முடிவில் அந்த 'ர்' தலையில் புள்ளியோடு நின்றது. அதை மறுபடி போஸுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம் மேடம்," என்றேன். "ஐயா எப்பவும் என்னை மரியாதையாத்தான் பேசுவார்."