திங்கட்கிழமை வரும் டிரைவர்

அவள் சோபாவில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

கார் சர்வீஸ் சென்டரில் ஏசி அறை, டீ, மீன் தொட்டி எல்லாம் இருந்தன. வேண்டாம். பானெட் திறந்து கிடந்த தன் வண்டிக்குப் பக்கத்திலேயே, ஆயில் வாடையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பிறகு நான்கு தப்படி நடந்தாள். திரும்பி வந்து மறுபடி நின்றாள்.

"லேப்டாப்புல ஒண்ணுமே காட்டலீங்க மேடம்," என்றார் சர்வீஸ் அட்வைசர். நான்காவது முறையாகச் சொல்கிறார். "ஏழு மாச வண்டி. புத்தம் புதுசு. கிளட்ச்சை மட்டும் நீங்க கொஞ்சம் பார்த்து..."

"லேப்டாப்பை மூடுங்க. கையால திறந்து பாருங்க."

கிளட்ச், கிளட்ச், கிளட்ச். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெண் ஓட்டுகிற வண்டி நின்றால் கோளாறு அவள் காலில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கும். கூப்பிட்டும் காதில் வாங்காத பிள்ளை மாதிரி. பிறகு போனால் போகிறதென்று கிளம்பும். சில நாள் அதுவும் இல்லை. சிக்னலில் பொசுக்கென்று அணையும். பின்னால் பஸ்காரன் ஹாரனை விட்டு கையை எடுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் பைபாஸில் ஓட்டினால் மட்டும் சமத்தாகப் போகும்.

"பாத்தியா? வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்பான்.

அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால், அவன் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

வண்டி வந்த புதிதில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டினாள். "இத்தனை சென்சார் வெச்ச வண்டிக்கு எலுமிச்சம்பழமா?" என்று சிரித்து அறுத்துப் போட்டவன் அவன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் கெட்டது.

ரயில்வே கேட். தண்டவாளத்தின் மேல் வண்டி அணைந்தது. பின் சீட்டில் மூன்று வயதுப் பாப்பா. ரயில் வர நேரம் இருந்தது. நாலு பேர் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். ஆனாலும்.

அன்று சாயங்காலம் அவன் சாவியை வாங்கி பேன்ட் பையில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமையிலிருந்து டிரைவர் வருவார் என்றான். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் திருப்பிப் போட்டிருப்பாள்.

இன்று சனிக்கிழமை. கடைசியாக ஒருதரம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சி வாங்கிய சாவி கையில் இருந்தது. கெஞ்சியதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிந்தது.

பானெட்டுக்குள் குனிந்திருந்த மெக்கானிக் காஜா நிமிர்ந்தார். அவளை ஒருமுறை பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை நெம்பினார்.

"பாய், அதை இப்ப எதுக்குத் திறக்கறீங்க? அதுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார் அட்வைசர்.

மூடி வந்துவிட்டது.

மூன்று பேரும் குனிந்தார்கள்.

உள்ளே ஒரே வெள்ளை. ஃபில்டருக்கு மேலே, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், அந்தக் காற்றை அளக்கும் சென்சாரில், எங்கும் தூள். ஓரத்தில் கிழிந்துபோன ஒரு காகிதப் பொட்டலம்.

காஜா விரலால் தொட்டார். முகர்ந்தார். கைகளைத் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு, பொட்டலத்தை இரண்டு கைகளாலும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"திருநீறுங்கம்மா. இதுதான் வண்டியை மூச்சுவிடாமப் பண்ணியிருக்கு. உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல."

அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதுவிட்டாள்.

அட்வைசர் மீன் தொட்டியைப் பார்த்தார்.

பொட்டலத்தைப் பிரித்தாள். மருதமலை அர்ச்சனைச் சீட்டு. பின்பக்கம் பேனாவால் அவள் பெயர். கீழே உத்திரட்டாதி, மீன ராசி. கல்யாண நாளையே மறந்துபோகிறவனின் கோணல் கையெழுத்து.

சீட்டில் தேதி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, அவள் முதன்முதலாகத் தனியாக வண்டி எடுத்த நாளுக்கு முந்தைய நாள். ஆபீஸில் ஆடிட் என்று விடியற்காலையிலேயே கிளம்பிப் போனானே, அதே நாள்.

படுபாவி.

காஜா தூளையெல்லாம் சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஏழு சிக்னல். ஒன்றில்கூட வண்டி யோசிக்கவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டு வந்தாள்.

வாசலில் காத்திருந்தான். சாவிக்காகக் கை நீண்டிருந்தது.

"என்ன சொன்னான்? கிளட்ச்தானே?"

"ஏர் ஃபில்டருக்குள்ள திருநீறுங்க. யாரோ வெச்சிருக்காங்க. அதான் மூணு மாசமா அடைச்சிருக்கு."

நீண்ட கை கீழே இறங்கியது. அவன் குனிந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தான்.

"பாப்பா வெளையாட்டுக்குப் போட்டிருக்கும்."

அவள் கைப்பையைத் திறந்தாள். சீட்டை எடுத்து பானெட் மேல் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவினாள்.

"பாப்பாவுக்கு இன்னும் பென்சிலே பிடிக்க வராதுங்க."

அவன் சீட்டையே பார்த்தான். காது மடல் சிவந்துபோனது. பிறகு போனை எடுத்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

"அண்ணா, திங்கக்கிழமை நீங்க வர வேண்டாங்க. இல்லீங்ணா, வேற டிரைவர் யாரும் பாக்கல. வீட்லயே ஆள் இருக்காங்க."

பேசி முடித்துவிட்டுச் சீட்டை எடுக்கக் கையை நீட்டினான்.

அவள் முந்திக்கொண்டாள். மடித்து, சாவியோடு சேர்த்துக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.