துரைக்கு ஒரு நாற்காலி

ஜவ்வாது மலையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருடத்து ஆடித் திருவிழா. அம்மனுக்கு வெட்டிய கிடாவை வீட்டுக்கு ஒரு கூறாகத் தேக்கிலையில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார் ஊர்த்தலைவர் கோபால்சாமி. பூனைக்கண்ணும் செம்பட்டைத் தலையுமாக ஒருவன் எதிரே வந்து நின்றதும் சட்டென்று எழுந்தார்.

"தொரைக்கு சேர் போடுங்கடா! குந்துங்க தொரை."

அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அடுப்புல கீற கறியத் தட்டுல போட்டு எடுத்தாங்கடா!"

தட்டு வந்தது. அவன் தட்டிவிட்டதில் குழம்பு மண்ணில் சிந்தியது.

"ஆக்கின கறி விருந்தாளிக்கு, பச்சைக் கறி ஊர்க்காரனுக்கு. இந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? என் கூறு எங்க?"

"வெள்ளைக்காரத் தொரைக்கு எதுக்குங்க கூறு?"

"வெள்ளைக்காரன் என்னைப் பெத்துட்டு ஓடிப்போனவன். நான் பழனி! போன வருசம் வரைக்கும் எங்கம்மா கையில கூறு குடுத்தியே, உன் கூடப்பொறந்த அக்கா! அவ செத்ததும் நான் விருந்தாளி ஆயிட்டேனா, மாமா?"

கோபால்சாமி குனிந்து அடுத்த இலையில் கறியை வைத்தார்.

"நான் யாருன்னு நீ இன்னா சொல்றது? நான் சொல்றேன். இந்த ஊர்க்காரன்!"

தலைவர் தனக்கென்று ஒதுக்கியிருந்த பெரிய கூறைப் பழனி இலையோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சேர் சும்மாத்தான் கீது. நீ குந்து, மாமா."